மரப்பலகையில் எழுந்த விகாரை வாயில்கள்

(பௌர்ணமிக் கூட்டத்தில் நிகழ்த்திய அறவுரை)



சென்ற பௌர்ணமியன்று நம் கூடத்தைப் பெருக்கி விளக்கேற்ற வந்த மூத்த உபாசிகையார் ஒருவர், சுவரில் புதிதாக மாட்டியிருந்த படத்தின் முன்னே பூத்தட்டுடன் நெடுநேரம் நின்றார். ஜப்பான் நாட்டிற்குச் சென்று திரும்பிய அன்பர் ஒருவர் நம் சங்கத்திற்கு அளித்த படம் அது. "ஐயா, இதிலே பகவான் எங்கே இருக்கிறார்? வாசலும் பனியும் குடையுந்தானே தெரிகின்றன? இதற்குப் பூ வைக்கலாமா, கூடாதா?" என்று அம்மையார் என்னை வினவினார். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. "படத்தைப் பற்றிப் படித்துவிட்டு அடுத்த பௌர்ணமிக்குச் சொல்கிறேன் அம்மா" என்றேன். அக்கடனைத் தீர்க்கவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

முதற்கண் படத்தை நன்கு நோக்குங்கள். மேலே, படத்தின் விளிம்பால் வெட்டுண்டு, குடம் போன்ற பெரியதொரு செந்நிறக் காகித விளக்குத் தொங்குகிறது. பக்கத்தே வாயிலின் சிவந்த பகுதி தெரிகிறது. நாமே அவ்வாயிலின் கீழ் ஒதுங்கி நின்று உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல் ஓவியர் அமைத்திருக்கிறார். அப்பால் வெண்பனி மூடிய பாதையில் குடை பிடித்த மக்கள் நடக்கிறார்கள். தொலைவில் இரண்டாவது வாயில். அதன் வலப்புறத்தே ஐந்நிலைத் தூபி. படம் இவ்வளவே. அம்மையார் சொன்னது உண்மை. பகவானின் திருவுருவம் இதில் எங்கும் இல்லை.

இன்று டோக்கியோ எனப்படும் மாநகரம் எடோ என்று வழங்கிய நாளில், அசாகுசா என்னும் பேட்டையில் விளங்கிய சென்சோஜி விகாரையே இது. 628ஆம் ஆண்டில் சுமிதா ஆற்றில் வலை வீசிய மீனவச் சகோதரர் இருவருக்கு அவலோகிதேசுவர போதிசத்துவரின் சிலையொன்று கிடைத்தது என்றும், அதுவே இவ்விகாரையின் தோற்றம் என்றும் அந்நாட்டு மரபு கூறும். ஜப்பானியர் அப்போதிசத்துவரைக் கண்ணோன் என்பர். உயிர்க்கொலைத் தொழிலினர் என்று ஒதுக்காமல், போதிசத்துவர் மீனவர் வலையிலேயே வந்து சேர்ந்தார் என்று கதை கட்டிய மக்களின் உள்ளத்தை நான் மெச்சுகிறேன்.

படத்தை வரைந்தவர் ஹிரோஷிகே. 1797இல் பிறந்து 1858இல் மறைந்தவர். அவர் தந்தையார் எடோ நகரத் தீயணைப்புக் காவலர்; இளம் பிராயத்திலேயே பெற்றோரை இழந்த ஹிரோஷிகே அப்பணியைத் தாமும் ஏற்றவர். மரத்தாலும் காகிதத்தாலும் கட்டிய அந்நகரம் எத்தனை எளிதில் எரியும் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1855ஆம் ஆண்டு நவம்பரில் பெரும் நிலநடுக்கம் ஒன்று எடோவைக் குலைத்தது. வீடுகள் சரிந்தன, தீப்பற்றியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அசாகுசாவின் தூபி விழவில்லை; ஆனால் அதன் உச்சிக் கம்பம் வளைந்து போயிற்று. அடுத்த ஆண்டில் ஹிரோஷிகே தலையை மழித்துக்கொண்டு துறவுக் கோலம் பூண்டார். அதே 1856இல் 'எடோவின் நூறு புகழ்க் காட்சிகள்' என்னும் தொடரைத் தொடங்கினார். நூறு என்று பெயர் வைத்தாரேனும், படங்கள் நூற்றைத் தாண்டிவிட்டன. அவற்றுள் விகாரைகளும் ஆலயங்களும் மீண்டும் மீண்டும் வருகின்றன. அரண்மனைகளை அவர் தொலைவில் வைத்தார். பேட்டைக் கோயில்களையோ நம் கைக்கெட்டும் அளவில் வைத்தார்.

நம் சுவரிலுள்ள படம் வெளிவந்தது அந்த 1856ஆம் ஆண்டில். தூபியின் கம்பம் அதற்குச் சற்று முன்னரே நிமிர்த்தப்பட்டிருந்தது. ஓவியத்தில் கம்பம் நேராக நிற்பதைக் காணலாம். வெயிற் காலத்தை ஒட்டி வெளிவந்த படத்தில் பனியை எதற்கு வரைந்தார் என்று ஆராய்ந்த அந்நாட்டறிஞர் ஒருவர், செம்மையும் வெண்மையும் சேர்வது அங்கே மங்கலக் குறியாதலின், விகாரை நிமிர்ந்த மகிழ்ச்சியையே ஓவியர் இவ்வாறு குறித்தார் என்று கருத்துரைத்துள்ளார். எனக்கும் அது ஏற்புடையதாகவே தோன்றுகிறது. இடிபாடுகளுக்கு நடுவே வாழ்ந்த மக்களுக்கு, 'உங்கள் விகாரை நிற்கிறது, வாருங்கள்' என்று சொல்லியனுப்பிய ஓலையாகவே இப்படத்தை நான் காண்கிறேன்.

ஆனால் நின்றதெல்லாம் பிறகு என்னாயிற்று? நாம் ஒதுங்கி நிற்கும் முன்வாயில் 1865இல் தீக்கிரையாயிற்று. தொண்ணூற்றைந்து ஆண்டுகள் கழித்து 1960இல்தான் மீண்டும் எழுந்தது. 1945 மார்ச்சு 10ஆம் நாள் வான்வழிக் குண்டுவீச்சில் மூலக்கூடமும் தூபியும் இரண்டாம் வாயிலும் எரிந்தன. கூடம் 1958இலும் இரண்டாம் வாயில் 1964இலும் தூபி 1973இலும் புதிதாகக் கட்டப்பட்டன. புதிய தூபி இப்போது பாதையின் மறுபுறத்தில் நிற்கிறது. ஆக, இப்படத்தில் காணும் கட்டடங்களுள் ஒன்றேனும் இன்று அங்கில்லை. கருங்காலுடன் பருத்து நின்ற மரத்தூண்கள் போயின; தெருவில் விற்ற மெல்லிய காகிதம் எஞ்சியது. அநித்தியம் என்று நாம் நாள்தோறும் ஓதுகிறோம். ஓதுவது எளிது. எது முதலில் அழியும், எது பின்னர் அழியும் என்பதில் நம் கணக்கு எவ்வளவு பிழையானது என்பதை இக்காகிதத்தின்முன் நின்றால் உணரலாம்.

இவ்வகைப் படங்களுக்கு ஜப்பானிய மொழியில் 'உகியோ-எ' என்று பெயர். 'எ' என்றால் படம். 'உகியோ' என்னும் சொல்லின் வரலாறு நமக்கு மிகவும் உரியது. முற்காலத்தில் அது 'துயர் நிறைந்த உலகம்' என்னும் பொருளில் வழங்கிய பௌத்தச் சொல். துக்க சத்தியத்தை உணர்ந்தோர் வாயில் பயின்ற சொல். எடோ நகரம் செழித்தபோது, ஒலி மாறாமல் எழுத்து மட்டும் மாறி, அது 'மிதக்கும் உலகம்' ஆயிற்று. உலகம் நிலையாதது, ஆதலின் விட்டு விலகுவோம் என்றவர் போய், நிலையாதது, ஆதலின் இருக்கும்போதே களிப்போம் என்றவர் வந்தனர். அப்புதிய பொருளைத் தம் நூலால் பரப்பிய அசாய் ரியோய் என்பவரும் ஒரு பௌத்த குருவே என்பது வியப்பு. ஓவியர்களும் நெடுங்காலம் நாடகக்காரரையும் கணிகையரையுமே மிகுதியாக வரைந்தனர். ஹிரோஷிகேயின் காலத்தில்தான் இடங்களின் காட்சிகள் பெருமதிப்புப் பெற்றன. அவற்றோடு விகாரை வாயில்களும் வந்தன. ஊர் சுற்றிய சொல், பழைய வீட்டுத் திண்ணைக்குத் திரும்பி வந்தது போலும்!

இனி, இப்படம் எவ்வாறு உண்டாகிறது என்பதைக் கேளுங்கள். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுப்பார். செதுக்குவோர் அத்தாளை மலைச்சேரி மரப்பலகையின்மேல் முகம் கவிழ்த்து ஒட்டி, கோடு மட்டும் புடைத்து நிற்குமாறு மற்றவற்றைச் செதுக்கித் தள்ளுவார். அதனால் ஓவியர் கையால் வரைந்த மூலத் தாள் அழிந்தே போகும். பின்னர் ஒவ்வொரு நிறத்திற்கும் வெவ்வேறு பலகை. அச்சிடுவோர் ஈரமாக்கிய முசுக்கட்டை நார்த் தாளைப் பலகையின் மூலைக்குறிகளில் பொருத்தி, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் முதுகுப்புறம் தேய்ப்பார். ஒரு குறி மயிரிழை தவறினாலும் சிவப்பு விளக்கு பனியின்மேல் வழிந்துவிடும். முதலிட்டு நடத்தி விற்பவர் பதிப்பாளர். நால்வர் கூடி ஆக்கும் பொருளாயினும், பெயர் பெறுபவர் ஓவியர் ஒருவரே. செதுக்கியவரையும் தேய்த்தவரையும் உலகம் பெரும்பாலும் அறியாது. தெருக்கடையில் ஓரிரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆகும் காசே ஒரு படத்தின் விலை. கூலிக்காரனும் வாங்கித் தன் சுவரில் ஒட்டினான்.

மரப்பலகை அச்சு அந்நாட்டிற்குத் தம்மத்தின் வழியாகவே வந்தது. எட்டாம் நூற்றாண்டில், ஷோதொக்கு என்னும் பேரரசியார் கட்டளையால், பத்து இலட்சம் சிறு மரத்தூபிகள் கடையப்பெற்று, ஒவ்வொன்றினுள்ளும் அச்சிட்ட தாரணி மந்திரச் சுருள் வைக்கப்பெற்றது. 770ஆம் ஆண்டளவில் அவை பத்து விகாரைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஹோரியூஜி விகாரையில் அவற்றுள் நாற்பதினாயிரத்திற்கு மேல் இன்றும் உள்ளன. எனினும் அவை எவரும் படிப்பதற்காக அச்சிடப்பட்டவை அல்ல. தூபியினுள் அடைத்து மூடப்பட்டவை. அரசியார் புண்ணியம் தேடினார், அச்சு பிறந்தது.

படிப்பதற்காகவே அச்சிட முயன்றவர் தெத்சுகென் என்னும் பதினேழாம் நூற்றாண்டுத் துறவி. திரிபிடகம் முழுவதையும் சேரி மரப்பலகைகளில் செதுக்குவிக்க வேண்டும் என்று ஊர் ஊராக நடந்து காசு தண்டினார். தொகை சேர்ந்தபோது வெள்ளம் வந்தது. அனைத்தையும் ஏழைகளுக்குச் சோறாக்கினார். மீண்டும் தண்டினார், பஞ்சம் வந்தது, மீண்டும் சோறாக்கினார். மூன்றாம் முறைதான் பலகைகள் செதுக்கப்பெற்றன என்று மரபு வழங்குகிறது. ஏறத்தாழ 60,000 பலகைகள்! உஜி நகரத்து மன்புக்குஜி மடத்தைச் சார்ந்த கூடத்தில் அவை இன்றும் காக்கப்படுகின்றன. 1682இல் பஞ்சத்தால் வாடியோருக்கு உணவளிக்கும் பணியிலேயே தெத்சுகென் உயிர் நீத்தார். கண்ணுக்குத் தெரியாத இரு பதிப்புகளே கண்ணுக்குத் தெரியும் மூன்றாம் பதிப்பினும் சிறந்தவை என்று அந்நாட்டார் கூறுவதுண்டு.

தெத்சுகென்னின் மாணாக்கர் ஷோஉன் கென்கெய். புத்தர் சிலை வடிக்கும் தச்சராயிருந்து துறவியானவர். அருகதர் ஐந்நூற்றுவர் உருவங்களையும் தம் கையாலேயே செதுக்குவதென்று உறுதி பூண்டு எடோவிற்கு வந்தார். அசாகுசாவில் பிச்சை ஏற்று, அக்காசில் மரம் வாங்கிச் செதுக்கினார். பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து 536 உருவங்களை முடித்தார். 1695இல் அவற்றுக்காக எடோவின் கீழைப் புறத்தே ஒரு விகாரை எழுந்தது. கோஹியாக்கு ரக்கான்ஜி, அஃதாவது ஐந்நூற்று அருகதர் விகாரை, என்பது அதன் பெயர். பின்னாளில் 1741இல் அங்கே மூன்று நிலைக் கூடம் ஒன்று கட்டினர். உள்ளே ஏறும் வழி சங்கின் புரிபோல் சுழன்று செல்லும். ஆதலின் மக்கள் அதற்கு ஒரு வகைச் சங்கின் பெயரையே இட்டு 'சாசாய்க் கூடம்' என்றனர். வழியெங்கும் கண்ணோன் உருவங்கள் நூறு. மேற்கு நாட்டில் முப்பத்துமூன்று, கிழக்கே முப்பத்துமூன்று, சிச்சிபு மலைப்புறத்தில் முப்பத்துநான்கு என மாதக்கணக்காய் நடந்து காணவேண்டிய நூறு தலங்களின் வழிபாட்டையும் ஒரே முற்பகலில் முடித்துவிடலாம். காசும் ஓய்வும் இல்லாத உழைப்பாளிக்காக எழுந்த கட்டடம் அது.

இக்கூடத்தை ஹொக்குசாய் என்னும் மற்றொரு பேரோவியர் வரைந்திருக்கிறார். 1830க்குச் சற்றுப்பின் வெளிவந்த 'பூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' என்னும் தொடரில் அது உள்ளது. எப்படி வரைந்தார் என்கிறீர்கள்? மேல்நிலை முற்றத்தில் மக்கள் நிற்கிறார்கள், ஒருவன் மூட்டையை இறக்கிவைத்து இளைப்பாறுகிறான், யாத்திரிகர்கள் இருக்கிறார்கள், சிறுவனும் பெண்டிரும் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கண்ணோன் உருவங்களுக்குப் பெரும்பாலார் முதுகைக் காட்டிக்கொண்டு, தொலைவில் தெரியும் பூஜி மலையைப் பார்த்து மகிழ்கிறார்கள்! ஓவியர் இதனைக் கேலியாகச் செய்தாரா, அன்பாகச் செய்தாரா என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். அன்பாகவே செய்தார் என்று இப்போது நினைக்கிறேன். நூறு உருவங்களைச் சுற்றி ஏறியவன் உச்சியில் வந்து கண்ணைத் திறந்து வெளியே பார்த்தால், அவன் பிழை செய்தவனாவானா? ஆனால் அந்த மூட்டைக்காரன் மட்டும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. அவனுக்கு மலையும் வேண்டாம், சிலையும் வேண்டாம். சற்று அமர ஓர் இடம் வேண்டும். விகாரை அதனை அவனுக்கு அளித்திருக்கிறது. 1855 நிலநடுக்கத்தில் அக்கூடம் சிதைந்தது. பின் முற்றும் பிரிக்கப்பட்டது. ஷோஉன் செதுக்கிய அருகதர்களுள் 305 உருவங்கள் எஞ்சி, இன்று மெகுரோ என்னும் பகுதியில் உள்ளன.

இவ்வளவும் புகழ்ச்சி. இனிப் புகழ முடியாத படமொன்றைச் சொல்கிறேன். ஹிரோஷிகேயின் நூறு காட்சித் தொடரில் 1857இல் வந்தது. புக்காகவாப் பேட்டை மன்னென் பாலம். படத்தின் முன்னே, நம் முகத்திற்கு நேரே, கயிற்றில் கட்டிய ஓர் ஆமை அந்தரத்தில் தொங்குகிறது. அதன் பின்னே ஆறு. அதற்கும் அப்பால் பூஜி மலை. எதற்காக ஆமை? உயிர்களைச் சிறை நீக்கி விடுவிக்கும் 'ஹோஜோ-எ' என்னும் பௌத்தச் சடங்கு எட்டாம் மாதத்துப் பௌர்ணமியில் அங்குள்ள ஆலயத்தில் நடைபெறும். புண்ணியம் வேண்டுவோர் பாலத்தருகே ஆமையை விலைக்கு வாங்கி ஆற்றில் விடுவர். விடுவிப்பதற்காக வாங்குவர்; வாங்குவதற்காக ஒருவன் பிடித்து வைப்பான்! கொல்லாமை என்னும் சீலம் ஆமைக்குக் கயிறு கட்டிய கதை இது. 'மன்னென்' என்றால் பத்தாயிரம் ஆண்டு. ஆமையின் ஆயுள் பத்தாயிரம் ஆண்டு என்பது அந்நாட்டு வழக்கு. பத்தாயிரம் ஆண்டுப் பாலத்தில் பத்தாயிரம் ஆண்டு வாழவேண்டிய உயிர் தலையை நீட்டி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓவியர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த முறை நாம் தானம் செய்யும்போது நம் தானத்திற்காக எங்கேனும் எவரேனும் கட்டுண்டு தொங்குகிறாரா என்று பாருங்கள்.

பௌத்தச் சடங்கு 'ஆலயத்தில்' நடந்தது என்றேன். அது ஹச்சிமான் என்னும் நாட்டுத் தெய்வத்தின் ஆலயம். பழைய படங்களில் நம் தோரணம் போன்ற இருகால் வாயில் தெரிந்தால் அது ஷிந்தோ ஆலயம். கூரை வேய்ந்த பெருவாயிலும் தூபியும் தெரிந்தால் அது விகாரை. ஆனால் அன்று இவ்விரண்டும் ஒரே வளாகத்தில் கலந்தே இருந்தன. புக்காகவா ஆலயத்தை எய்தாய்ஜி என்னும் விகாரையே நடத்தி வந்தது. 1868இல் புதிய அரசு இரண்டையும் பிரிக்க ஆணையிட்டது. ஆணையைத் தொடர்ந்து பல ஊர்களில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன, சூத்திரங்கள் எரிந்தன, எய்தாய்ஜி போன்ற விகாரைகள் கலைக்கப்பட்டன. இக்கொடுமையைச் சொல்லும்போது அதன் காரணத்தையும் மறைத்தல் ஆகாது. அதற்கு முன் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு விகாரையில் பெயரைப் பதிந்து, கிறித்தவர் அல்லர் என்று சான்று பெறவேண்டும் என்பது அரசின் சட்டம். விகாரை சரணம் புகும் இடமாயிருந்ததோடு, அரசின் கணக்கறையும் ஆயிற்று. கட்டாயத்தால் வந்தவர் கட்டு அவிழ்ந்ததும் கல்லெறிந்தார்.

இப்போது நான் சொல்லப்போவதே இன்றைய பேச்சின் உயிர். இப்படங்களில் யார் இல்லை?

அசாகுசா விகாரைக்கு வடக்கே, இமாதோவை ஒட்டி, தனியே ஒதுக்கப்பட்ட ஒரு தெரு இருந்தது. அங்கே 'எத்தா' என்று இகழப்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அச்சொல்லை எழுதும் எழுத்துகளுக்கு 'தீட்டு மிகுந்தோர்' என்று பொருள். அவர் தலைவருக்குத் தன்ஸாஎமோன் என்பது வழிவழிப் பட்டம். செத்த மாட்டின் தோலை உரித்துப் பதப்படுத்துவது அம்மக்களுக்கு விதிக்கப்பட்ட தொழில். கொல்லாமையைப் போற்றிய சமயமே, செத்ததைத் தொட்டவனைத் தீட்டு என்று தள்ளியது. விகாரையில் முழங்கும் முரசுக்கு அவர்கள் பதப்படுத்திய தோல் வேண்டும், அவர்கள் வேண்டா. இது நமக்குப் புதிய செய்தியன்று. நம் பாட்டன்மார் அடித்த பறைக்கும் இதுவே நடந்தது. இன்னொரு செய்தியைக் கேளுங்கள். எடோவில் விளக்குத் திரி விற்கும் தனியுரிமையும் அத்தன்ஸாஎமோனிடமே இருந்தது. கோரைத் தண்டின் உட்சோற்றால் ஆகிய திரி. விளக்கேற்றும் அம்மையீர், எண்ணிப் பாருங்கள். அந்நகரில் புத்தர் திருமுன் எரிந்த திரி எவர் கையின் வழியாக வந்தது? ஹிரோஷிகேயின் தொடரில் அத்தெருவுக்கென ஒரு படமும் இல்லை. பனியில் குடை பிடித்து நடப்போருள் அத்தெருவார் இருக்கலாம் என்று வேண்டுமானால் நாம் எண்ணிக்கொள்ளலாம். குடை முகத்தை மறைக்கிறது.

1871இல் அப்பெயரையும் அந்நிலையையும் அரசு சட்டத்தால் நீக்கியது. மனத்தால் நீங்கவில்லை. அவர்களுக்கெனத் தனி விகாரைகள் இருந்தன. இறந்தோருக்குக் குருமார் சூட்டும் தம்மப் பெயரில்கூட, விலங்கு என்றும் இழிந்தோர் என்றும் பொருள்படும் எழுத்துகளைச் சேர்த்துக் கல்லறையில் செதுக்கினர். மரத்தில் திரிபிடகத்தைச் செதுக்கிய நாட்டில் கல்லில் இதையும் செதுக்கினார்கள். 1922 மார்ச்சு 3ஆம் நாள் கியோத்தோ நகரில் அம்மக்கள் கூடி 'சுய்ஹெய்ஷா', அஃதாவது சமநிலைச் சங்கம், அமைத்தனர். பெரிய பௌத்த மடங்களான இரு ஹொங்கான்ஜிகளையும் நேரில் கண்டு, 'எங்களைப் பற்றி உங்கள் கருத்து யாது?' என்று வினவுவது என முதற்கூட்டத்திலேயே தீர்மானித்தனர். அறிக்கையை எழுதியவர் சாய்கோ மன்கிச்சி. அவர் அத்தகைய ஒதுக்கப்பட்ட ஊரொன்றின் விகாரையில், குருவின் மகனாகப் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். சங்கத்தின் கொடியையும் அவரே வரைந்தார். கரிய நிலத்தில் செந்நிற முள்முடி. எழில்மிக்க விகாரை வாயில்களின் படங்களோடு அக்கொடியையும் சேர்த்து வைத்துக்கொண்டால்தான் அந்நாட்டுப் பௌத்தத்தின் படம் முழுமை பெறும் என்பது என் துணிபு.

1979இல் அமெரிக்காவில் நடந்த உலகச் சமய மாநாட்டில், சோத்தோ ஸென் பிரிவின் பெருந்தலைவர் ஒருவர், தம் நாட்டில் அத்தகைய வேற்றுமையே இல்லை என்று கூறிவிட்டார். எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அவர் பிழையை ஒப்பினார். அப்பிரிவினர் தம் விகாரைப் பதிவேடுகளையும் கல்லறைகளையும் தாமே ஆராய்ந்து, இழிவுப் பெயர்களைத் திருத்தத் தொடங்கினர். ஒப்பியது நன்று. முடிதிருத்துவோரான உபாலியைச் சாக்கிய இளவரசர்க்கு முன்னே சங்கத்தில் சேர்த்து, இளவரசர் அவரை வணங்குமாறு செய்தவர் நம் ததாகதர். அவர் பெயரால் நடந்ததை இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்துப் பதிவேட்டைப் புரட்டித் திருத்தவேண்டியிருந்தது.

எதற்காக நம் கூடத்தில் இதனை உரைக்கிறேன்? நாம் தீண்டாமையை விட்டுத் தம்மத்தைத் தழுவியவர்கள். பௌத்தம் என்று பெயர் எழுதிய வாயிலெல்லாம் தானே திறந்திருக்கும் என்று எண்ணிவிட வேண்டா என்பதற்காகவே. சென்ற மாதம் தோட்டி வேலை செய்யும் தோழர் ஒருவர் நம் வாயிலருகே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் வெளியிலேயே நின்று திரிசரணம் கேட்டுத் திரும்பினார். நம்முள் எவரும் அவரைத் தடுக்கவில்லை. எவரும் அழைக்கவும் இல்லை. அதில் நானும் ஒருவன்.

இனி அம்மையாருக்குக் கடன்பட்ட விடை. பூவைப் பகவான் திருவுருவின் முன் வையுங்கள். இப்படத்தை அங்கிருந்து எடுத்து நம் வாயில் நிலையின் உட்புறத்தே மாட்டிவிடலாம். வாயிலின் படம் வாயிலில் இருக்கட்டும். உள்ளே இருக்கும் நாம் அதனைப் பார்க்கும்போதெல்லாம் வெளியே எவர் நிற்கிறார் என்பதையும் பார்ப்போம்.

இதனருகே மாட்ட இன்னொரு படத்தின் படி ஒன்றையும் இன்று கொண்டுவந்திருக்கிறேன். கவாசே ஹசுய் என்பவர் வரைந்தது. 1883இல் பிறந்தவர். 1923ஆம் ஆண்டுப் பெரு நிலநடுக்கத்தில் இவருடைய வரைவேடுகள் 188 எரிந்தன; பதிப்பாளர் வத்தனாபே ஷோசாபுரோவின் பலகைகளும் எரிந்தன. சில திங்களிலேயே மீண்டும் ஊர் ஊராகப் புறப்பட்டு வரையத் தொடங்கினார். 1925இல் இவர் வரைந்த ஸோஜோஜி விகாரையின் சிவந்த பெருவாயில், பனிக்காற்றில் குடையைச் சாய்த்துப் பிடித்துச் செல்லும் ஒரு பெண்ணுடன், உலகெங்கும் அறியப்பட்டது. 1622இல் கட்டிய அவ்வாயில் அந்நிலநடுக்கத்தையும் பின்வந்த குண்டுவீச்சையும் தாண்டி இன்றும் நிற்கிறது. 'மூன்று விடுதலை வாயில்' என்பது அதன் பெயர். உலோபம், துவேஷம், மோகம் என்னும் மூன்றினின்றும் விடுபட்டு நுழைக என்பது கருத்து.

நான் கொண்டுவந்திருப்பது அதுவன்று. அவர் 1957இல் வரைந்த இறுதிப் படம். அது வெளிவந்தபோது அவர் உயிரோடில்லை. வடநாட்டு ஹிராய்சுமியில் 1124இல் எழுந்த பொற்கூடம். நீண்ட போர்களில் மாண்ட தம்மவர், பகைவர் என்ற வேற்றுமையின்றி அனைவருக்கும் அமைதி வேண்டி ஒரு பிரபு எழுப்பிய சூசோன்ஜி விகாரையைச் சார்ந்தது. உள்ளும் புறமும் பொன் தகடு வேய்ந்த கூடம் அது. ஆனால் படத்தில் பொன் தெரியாது. பொன்னைக் காக்க அதன்மேல் வேறொரு மரக்கூடம் கவிந்திருந்தது, அம்மரக்கூடமே தெரிகிறது. மரங்களின்மேல் பனி. படிகளின்மேல் பனி. படியில் ஒரே ஒரு துறவி, நமக்கு முதுகைக் காட்டி, தனியே மேலேறிச் செல்கிறார். 1935இல் ஹசுய் இதே இடத்தை வரைந்தபோது அதில் ஆள் எவரும் இல்லை. இந்த முறை அவரைச் சேர்த்திருக்கிறார்.

கூட்டம் முடிந்ததும் யாரேனும் இரண்டு ஆணியும் ஒரு சுத்தியலும் கொண்டுவந்தால் நலம். படங்களைச் சற்றுத் தாழ்வாகவே மாட்டுவோம், சிறுவர்களுக்கும் எட்டவேண்டும்.